தொண்ணூற்று நாலில் கொதிக்கும் தண்ணீர்

நானுஓயாவில் தண்ணீருக்கு அவசரம்.
தொண்ணூற்று நாலு பாகை தொட்டதுமே
பானை மூடியைத் தூக்கி ஆட்டுகிறது.
கொழும்பில் என்றால் நூறு வரைக்கும் பொறுக்குமாம்.
மலையேறினால் எவருக்கும் மூச்சு வாங்கும்,
தண்ணீருக்கும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.
கொதி வந்த பிறகும்
கவ்வாத்து மிலாறு இன்னும் நாலு முறித்துத் தள்ளி
இருபது நிமிடம் அடுப்பை விட்டு எழும்புவதில்லை.

ஆஸ்பத்திரியில் என் வேலை
கத்தரியும் கவ்வியும் அவிக்கிற அறையில்.
அங்கே இரும்புக் கதவைத் திருகிப் பூட்டினால்
முள் நூற்றிருபத்தொன்றில் போய் நிற்கும்.
பிறகு உள்ளே ஒன்றும் மிஞ்சாது.
வீட்டில் இருப்பது அலுமினியப் பானை,
இருபத்துநாலு போத்தல்,
அடியில் பிளாஸ்டிக் பைப் வைத்த நீலப் பீப்பாய்.

போன நத்தாருக்குப் போட்ட ஜிஞ்சர் பியர்
நாங்கள் நடுச்சாமப் பூசையில் முழந்தாளிட்டிருந்தபோது
மூன்று போத்தலாய் வெடித்தது.
மிச்சம் வினாகிரி.
இஞ்சி முற்றல் என்றார் ரோசலின் அக்கா.
சீனி கூடிப்போச்சு என்றது மேல்வீடு.
நாவூறு என்று மாமி
செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார்,
எல்லாரும் இருமினோம்.
பைப்பை ஒருவரும் சந்தேகப்படவில்லை.
நானும்தான்.

தை மாதம் ஒரு நாள் அதைக் கழற்றினேன்.
வாசருக்குப் பின்னால்,
விரல்நகம் அளவுக்கு,
வழுவழுவென்று
ஒரு குடும்பமே இருந்தது.
வெளிப்பக்கம் மட்டும் என் முகம் தெரியும்படி பளபளப்பு.

இந்த வருசம் பைப்பை ஐந்து துண்டாகப் பிரித்தேன்.
மரையின் ஒவ்வொரு சுற்றிலும் பழைய பல்துலக்கி.
போத்தல்களுக்கு அப்பச்சோடா, நீளத் தூரிகை.
ஒவ்வொன்றையும் பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்,
ஒன்றில் வண்டின் கால்.
முதலில் அழுக்கு போகவேண்டும்.
அழுக்குக்குள் ஒளிந்திருப்பதை
எந்த மருந்தும் தேடிப் பிடிக்காது.
குளிர்ந்த போத்தலில் கொதிநீர் ஊற்றினால் விரியும்,
அதற்கு முன்னால் ஒரு இளஞ்சூடு.
பிறகு குளோரின். பிறகு ஆறவைத்த நீரில் மூன்று அலசல்.
மலைப் பைப்பில் அலசினால்
மழைநாளில் அட்டையே வரும்,
அட்டையைவிடச் சின்னதெல்லாம்
சொல்லிக்கொண்டா வரும்?

கவிழ்த்து அடுக்கி வைத்துவிட்டு
கை உலர நின்றபோது யோசித்தேன்:
ஆஸ்பத்திரியில் எல்லா உயிரையும் துரத்திவிட்டுக்
கதவைச் சாத்துகிறோம்.
இங்கே துரத்துவது வேறு விதம்,
ஒரு கரண்டி ஈஸ்ட் வரப்போகிறது,
அது மட்டும் தனியாக இருந்து,
சீனி தின்று,
மூச்சு விடவேண்டும்.
ஒரே ஒரு விருந்தாளிக்காக ஊரையே வெளியேற்றுகிறேன்.
கொஞ்சம் அநியாயமாகத்தான் பட்டது.

அப்போது சவரிராஜன் வந்தார்.
இரவு மெயிலுக்குச் சமிக்ஞை போட்டுவிட்டு,
தொப்பியில் பனி,
உதவி செய்கிற குணம் வேறு.
ஒரு போத்தலை எடுத்து
தோளில் கிடந்த துவாயால்
வாயைச் சுற்றி அழகாகத் துடைத்து
எனக்கு நீட்டினார்.
அந்தத் துவாயால் முகம் துடைத்திருப்பார்.
ரயில் கைப்பிடியும் துடைத்திருப்பார்.
“சுத்தமா இருக்கு பாரு” என்றார்.
தண்ணீர் முடிந்திருந்தது, மிலாறும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அதன் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி
ஓரமாக வைத்தேன்.

நத்தார் அன்று இருபத்துமூன்றும்
வெடிக்காமல், புளிக்காமல்,
மூக்கில் ஏறுகிற காரத்தோடு திறந்தன.
மேல்வீடு இரண்டாம் கிளாஸ் கேட்டது.
நூல் கட்டியதை அவருக்கே கொடுத்தேன்,
பார்த்துக்கொண்டு நின்றேன்.
குடித்தார். ஏப்பம் விட்டார்.
“இதுதான் எல்லாத்திலும் திறம்” என்றார்.
பிடுங்கி ஒரு வாய் குடித்தேன்.
உண்மைதான்.
அன்று முழுக்க எனக்கு அது செரிக்கவில்லை.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு
அந்தப் போத்தலை மட்டும்
இரண்டு தடவை கழுவினேன்.